வனைந்த கைகளின் வரலாறு

தமிழிலே 'மூக்கறுபடுதல்' என்றொரு வழக்கு உண்டு. அவையிலே வாதத்தில் தோற்றவனையும், உதவி கேட்டுச் சென்று முகம் வாடித் திரும்பியவனையும் மூக்கறுபட்டான் என்றே நம்மவர் கூறுவர். இன்று இத்தொடரை வழங்குவோர் எவரும் கத்தியையோ குருதியையோ நினைப்பதில்லை. ஆயினும் மொழி எளிதில் மறப்பதில்லை. ஒரு காலத்தில் மெய்யாகவே மூக்குகள் அறுக்கப்பட்டன. அந்த அவமானத்தின் தழும்பே இவ்வழக்கு.

மூக்கை அறுத்தோர் யாவர் என்பதை வரலாறு ஓரளவு குறித்து வைத்திருக்கிறது. அறுந்த மூக்கை மீண்டும் வனைந்து கொடுத்தோர் யாவர்? இக்கட்டுரையிலே நாம் ஆராயப் புகுவது இந்த வினாவையே. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என இன்று வழங்கும் மருத்துவத்துறை, செல்வர்தம் அழகு நாட்டத்துக்காகப் பிறந்தது என்பது பலரின் எண்ணம். அதன் வரலாறு வேறு கதையையே சொல்கிறது. தண்டனையிலும் போரிலும் நோயிலும் முகமிழந்த எளிய மக்களுக்காக, பெரும்பாலும் எளிய மக்களின் கைகளாலேயே வளர்ந்த கலை அது.

முதலில் அறுத்தோரைப் பார்ப்போம். அர்த்தசாஸ்திரம் வகுக்கும் தண்டனைகளுள் மூக்கும் காதும் அரிதல் ஒன்று; பிற ஆடவனை நாடிய மனைவிக்கு அது விதிக்கப்பட்டது. இராமாயணத்துச் சூர்ப்பனகையின் கதையை அறியாதார் நம்மிடை இலர். 17ஆம் நூற்றாண்டிலே, 1656ஆம் ஆண்டையொட்டி, மைசூர் மன்னன் கண்டீரவ நரசராசனின் படை மதுரை நாயக்கரின் நாட்டினுட் புகுந்தபோது, எதிர்ப்பட்டோரின் மூக்கையும் மேலுதட்டையும் ஒருங்கே அரிந்து மன்னனுக்கு அனுப்பிற்று. அரிந்த மூக்குகளின் தொகைக்கேற்பப் போர்வீரர் பரிசும் பெற்றனர் என அக்காலத்து இயேசு சபைத் துறவியரின் கடிதங்கள் கூறுகின்றன. பின்னர் திருமலை நாயக்கரின் படை, சேதுபதியின் துணையோடு மைசூர் நாட்டினுட் புகுந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. தமிழக வரலாற்று நூல்கள் இதனை 'மூக்கறுப்புப் போர்' என்கின்றன. இரு மன்னரின் மானமும் இவ்வாறு காக்கப்பட்டது. மூக்கிழந்தோர் இரு நாட்டுக் குடிமக்கள்.

அதிகாரம் ஏன் முகத்தைத் தேடிச் செல்கிறது? உயிரைப் பறித்தால் அச்செய்தி சில நாளிற் பழங்கதையாகிவிடும். முகத்தைச் சிதைத்துவிட்டாலோ, அம்மனிதன் வாழும் நாளெல்லாம், நடக்குந் தெருவெல்லாம், வென்றவனின் வலிமையைத் தன் முகத்திலே சுமந்து திரிய வேண்டும். சமுதாயத்திலே ஒருவனுக்குரிய இடத்தை அவனது முகத்திலிருந்தே பறித்துவிடுவதுதான் இத்தண்டனையின் உட்பொருள். எனவே, அம்முகத்தை மீட்டுக் கொடுப்பதும் வெறும் ஒப்பனையன்று. பறிக்கப்பட்ட இடத்தை மீட்டுக் கொடுப்பதாகும்.

இனி வனைந்தோரிடம் வருவோம். 1792இல் முடிவுற்ற மூன்றாம் மைசூர்ப் போரிலே, ஆங்கிலக் கம்பனியின் படைக்கு எருதோட்டியாக இருந்தவர் கவாஸ்ஜி என்னும் மராட்டியத் தொழிலாளி. அவர் போர்வீரருமல்லர், தளபதியுமல்லர்; பொதி சுமந்த எருதுகளை ஓட்டிச் சென்றவர். திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்ட அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு காலம் மூக்கின்றி வாழ்ந்த அவருக்கு, பூனா நகருக்கருகே ஒருவர் புதிய மூக்கொன்றை வனைந்து கொடுத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில வைத்தியர் இருவர் இத்தகைய சிகிச்சையை நேரிற் கண்டனர். 1794 ஒக்டோபரில் லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மகஸின்' என்னும் சஞ்சிகை, கவாஸ்ஜியின் படத்துடன் இச்செய்தியை வெளியிட்டது.

செய்முறை வருமாறு. மெழுகைத் தகடாக்கி, எஞ்சிய மூக்கடியின்மீது வைத்து மூக்கின் வடிவம் எடுக்கப்பட்டது. பின்பு அம்மெழுகைத் தட்டையாக்கி நெற்றியிலே பரப்பி, அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு கீறப்பட்டது. கோட்டுக்குட்பட்ட தோல் உரித்தெடுக்கப்பட்டது. ஆனால் முழுதாக அன்று. இரு கண்களுக்கும் நடுவே சிறு தோற்பாலம் ஒன்று வெட்டப்படாமல் விடப்பட்டது. மூக்கடியின் பழைய தழும்பைச் சீவிப் புண்ணாக்கி, நெற்றித்தோலைக் கீழே இறக்கி அரைவட்டமாகத் திருப்பி, அதன் ஓரங்களைப் புதுப்புண்ணிலே பொருத்தினர். வெற்றிலையோடு நம்மவர் மெல்லும் காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணித்துண்டுகளிலே தடவி, ஒன்றன்மேலொன்றாக ஐந்தாறு வைத்து இணைப்பை உறுதி செய்தனர். நான்கு நாட்களின் பின் நெய்யில் தோய்த்த துணி கட்டப்பட்டது. பத்தாம் நாள் நாசித்துவாரங்கள் மூடிக்கொள்ளாதவாறு மென்துணி செருகப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள், கண்களுக்கிடையே விட்டுவைத்த தோற்பாலம் துண்டிக்கப்பட்டது.

இத்தொழிலின் உயிர்நிலை அந்தச் சிறு பாலத்திலேயே இருக்கிறது. உடலிலிருந்து அறவே பிரிக்கப்பட்ட தடித்த தோல், குருதியோட்டம் இன்மையால் அழுகிவிடும். பாலத்தின் வழியே பழைய இடத்துக் குருதி வந்துகொண்டிருக்க, புதிய இடத்திலிருந்து சிறு குருதிக்குழாய்கள் முளைத்து உட்புகும்; அவை வேரூன்றிய பின்னரே பாலத்தை அறுக்கலாம். தோற்புற்று நோயால் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றும் வைத்தியர்கள் நெற்றித்தோலைக் கொண்டு மூக்கமைக்கின்றனர். ஏறத்தாழ மூன்று வாரங்களின் பின் பாலத்தை அறுக்கின்றனர். பூனாவின் தொழிலாளி கணித்த கால அளவு நமது காலத்து மருத்துவத்துக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது!

அத்தொழிலாளி யார்? அவர் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்று மட்டும் அச்சஞ்சிகை கூறுகிறது; பின்வந்தோர் அவரைக் குயவர் என்றனர். மூக்கை அறுப்பித்த மன்னரின் பெயர் அங்கு உண்டு. பார்த்து நின்ற ஆங்கில வைத்தியர் இருவரின் பெயர்களும் உண்டு. வனைந்தவரின் பெயர் மட்டும் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்த மறதியன்று. இக்கலையின் மிகப் பழைய எழுத்துச் சான்று சுசுருத சங்கிதையில் உள்ளது. கிறித்துவுக்கு முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளிலே படிப்படியாக உருப்பெற்ற அந்நூல், அறுந்த மூக்கின் அளவை இலையொன்றினால் எடுத்து, அவ்வளவினதாய் கன்னத்துத் தோலை, ஒருபுறம் ஒட்டியிருக்க உரித்து, மூக்கிலே பொருத்தும் முறையை விளக்குகிறது. மூச்சுவிட இரு குழாய்களைச் செருகவும் அது கூறுகிறது. பிணத்தை ஓடும் நீரிலே ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்தெடுத்து உடலின் உள்ளமைப்பைக் கற்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் இந்நூலே. கண்ணாற் காண்பதே கல்வி என்ற தெளிந்த அறிவு அது.

ஆனால் உழைக்குங் கையைத் தீட்டாகக் கருதிய சமுதாயத்திலே அவ்வறிவு ஏட்டளவில் எத்தனை நாள் வளர முடியும்? மனுதர்ம சாஸ்திரம், மருத்துவன் தரும் உணவை உண்ணத்தகாத உணவுகளுள் ஒன்றாக வைக்கிறது. குருதியையும் சீழையும் தொடுபவன் தூயவனாகான் என்ற கொள்கை மேலோங்கிய இடத்தில், நூல் ஒரு கையிலும் கத்தி இன்னொரு கையிலுமாகப் பிரிந்து போவது இயல்பே. நூல் கற்றோரிடம் தங்கிற்று. கத்தி கைவினைஞரிடம் சென்றது. பூனாவில் மட்டுமன்றி, இமயமலைச் சாரலிலுள்ள காங்கராவிலும் மூக்கமைக்கும் தொழிலைப் பரம்பரையாகச் செய்த குடும்பங்கள் இருந்தன. சுசுருதர் கன்னத்திலிருந்து எடுத்த தோலைப் பிற்காலத்தார் நெற்றியிலிருந்து எடுத்தமை, அவர்கள் வெறும் பிரதி செய்வோரல்லர், தம் அனுபவத்தால் கலையை முன்னெடுத்தோர் என்பதைக் காட்டுகிறது. முன்னோர் பெருமை பேசும் நம் பேச்சாளர் பலர் சுசுருதரின் பெயரோடு நின்றுவிடுவர். அக்கலையை நூற்றாண்டுக் கணக்காக உயிரோடு காத்த குயவனின் கை அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 15ஆம் நூற்றாண்டிலே சிசிலித் தீவின் கட்டானியா நகரில் பிராங்கா என்னும் குடும்பத்தினர் மூக்கமைத்தனர். தந்தை முகத்துத் தோலையும், மகன் புயத்துத் தோலையும் பயன்படுத்தினர். அவர்கள் அதனைக் குடும்ப இரகசியமாகவே காத்தனர். பொலோஞாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாக்லியாகோட்சி 1597இல் வெளியிட்ட நூலிலேதான் புயத்தோல் முறை விரிவான படங்களோடு அச்சேறியது. கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய கடினமான சிகிச்சை அது; அவருக்குப் பின் மெல்ல வழக்கொழிந்தது.

பூனாச் செய்தியே ஐரோப்பாவிலே இக்கலையை மீண்டும் எழுப்பிற்று. லண்டன் சத்திரவைத்தியர் ஜோசப் கார்ப்பியூ அச்செய்தியை ஆராய்ந்து, பிணங்களிலே பலகாலம் பயின்று, 1814 ஒக்டோபரில் ஒரு படையதிகாரிக்கு நெற்றித்தோலால் மூக்கமைத்தார். மயக்கமருந்து வழக்குக்கு வராத காலம் அது. அவர் செய்த இரு சிகிச்சைகளின் வரலாறு 1816இல் நூலாக வெளிவந்தது. 1818இல் ஜெர்மானியரான கிராஃபே மூக்கமைப்பைப் பற்றி எழுதிய நூலின் பெயரிலே, வனைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை இணைத்தார். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்னும் பெயர் அவ்வழி வந்ததே. இன்று நாம் வாளியும் பையும் செய்யும் பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் உள்ள உறவு அச்சொல்லளவிலேதான். களிமண்ணைப் போல் வடிவந் தருதல் என்பதே கிரேக்கச் சொல்லின் கருத்து. பூனாக் குயவரின் பெயரை மறந்த உலகம், அவர்தம் குலத்தொழிலின் பெயரையே தன்னையறியாமல் இத்துறைக்குச் சூட்டியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டிலே முகங்களைச் சிதைக்கும் பணியை மன்னரின் கத்தியிடமிருந்து ஏகாதிபத்தியங்களின் பீரங்கிகள் ஏற்றுக்கொண்டன. முதலாம் உலகப் போரிலே பதுங்குகுழியின் விளிம்புக்கு மேல் எழுந்தது வீரனின் தலையே. எனவே முகக்காயங்கள் பெருகின. நியூஸிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கில்லீஸ் என்னும் வைத்தியர், இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் 1917இல் தொடங்கிய வைத்தியசாலையிலே இக்காயங்களுக்கே தம்மை அர்ப்பணித்தார். 5,000க்கும் மேற்பட்ட வீரருக்கு 11,000க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் அங்கு நடந்தன. தோல்மடலைத் தட்டையாக விடாமல் ஓரங்களைச் சேர்த்துக் குழாயாகத் தைத்தால், குருதியோட்டமும் காக்கப்படும், புண்ணும் நஞ்சாகாது என்று அவர் கண்டார். கிருமிகொல்லி மருந்துகள் இல்லாத அந்நாளிலே அது பெரும் முன்னேற்றம். அதே முறையை அவரை அறியாமலே ஒடெஸா நகரத்து வைத்தியர் விளாதிமிர் ஃபிலாத்தொவ் 1916இல் கையாண்டு, 1917இல் வெளியிட்டார். எதிரெதிர் முனைகளிலே துன்பம் ஒன்றாயிருந்தது. எனவே கண்டுபிடிப்பும் ஒன்றாயிற்று.

சிட்கப்பிலிருந்து ஊருக்குச் செல்லும் சாலையிலே சில வாங்குகளுக்கு நீலவர்ணம் பூசியிருந்தனர். முகஞ்சிதைந்த வீரர் அமர்வதற்கானவை அவை. எதிரே வருவோர் அதிர்ச்சியுறாமல் முன்கூட்டியே விலகிக்கொள்ள அது ஓர் அடையாளம். நாட்டுக்காக முகம் கொடுத்தவனுக்கு நாடு கொடுத்தது நீலவாங்கு! இரண்டாம் உலகப் போரிலே, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரில், தீயிற் கருகிய விமானப்படையினருக்குச் சிகிச்சை செய்த ஆர்ச்சிபோல்ட் மக்கிண்டோ வேறு வழியை நாடினார். நோயாளர் உடைகளைக் களைந்து தம் சொந்த உடையில் ஊருக்குள் செல்ல அவர்களை ஊக்கினார். ஊராரையும் அவர்களை வீட்டுக்கழைத்து விருந்தோம்பச் செய்தார். 1941இல் அந்நோயாளர் தமக்குள் அமைத்த சங்கம் 649 உறுப்பினர் வரை வளர்ந்தது. தோலைத் தைப்பவன் வைத்தியன். மனிதனைத் தைத்து முடிப்பது ஊர் என்பதை மக்கிண்டோ அறிந்திருந்தார்.

இவ்வுண்மையைத் தமிழ் மண்ணிலே இன்னும் ஆழமாகக் கண்டவர் போல் பிராண்ட். 1914இல் கொல்லிமலையிலே பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் அவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயாலேயே அழுகி விழுகின்றன என அக்காலத்தோர் நம்பினர். நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை அழிப்பதால், சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் கை புண்பட்டுத் தேய்கிறது என்பதைப் பிராண்ட் நிறுவினார். மடங்கி நின்ற விரல்களை, நல்ல தசையொன்றின் நாரை இடமாற்றித் தைத்து விரியச் செய்யும் சிகிச்சையை 1948இல் தொடங்கினார். தலைத்தோலிலிருந்து புருவம் அமைத்தலும், உள்ளொடுங்கிய மூக்கை நிமிர்த்தலும் பின்தொடர்ந்தன.

அவர் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. கை நேரான சிலர் திரும்பி வந்து முறையிட்டனர். கோணிய கையைக் கண்டு பிச்சையிட்டோர் இப்போது இடுவதில்லை. தொழுநோயாளர் என்பதால் வேலை கொடுப்போரும் இல்லை. கை திருந்தியது, ஆனால் கைக்கு வேலை இல்லை. ஆகவே கல்லூரி வளவிலே புதுவாழ்வு எனப் பொருள்படும் பெயரோடு சிறு குடியிருப்பு ஒன்று அமைத்துத் தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. உடற்குறை நீக்குவது மருத்துவம். அக்குறையை வறுமையாகவும் ஒதுக்கலாகவும் மாற்றுவது சமுதாய அமைப்பு. முன்னதை மட்டும் சீர்செய்து பின்னதை விட்டுவிட்டால் சிகிச்சை பாதியிலேயே நிற்கும்.

தொழிற்சாலை யுகத்தின் காயங்களும் புதிய அறிவைப் பிறப்பித்தன. 1963இல் ஷங்ஹாய் நகரிலே இயந்திரத்தில் அகப்பட்டுத் துண்டாய் விழுந்த தொழிலாளி ஒருவரின் கையை, சென் சோங்வெய் என்னும் வைத்தியரும் குழுவினரும் மீண்டும் பொருத்தினர். நுணுக்குக்காட்டியின் கீழ் மயிரிழை போன்ற நூலால் சிறு குருதிக்குழாய்களைத் தைக்கும் திறன் வளர்ந்ததும், 1973 முதல் தோலை ஓரிடத்திலிருந்து அறவே எடுத்து வேறோரிடத்துக் குழாய்களோடு இணைத்தல் கைகூடிற்று. பூனாத் தொழிலாளியின் தோற்பாலம் இங்கு தேவையில்லை. எனினும் அவர் கண்ட விதி மாறவில்லை. குருதி ஓடுமிடத்திலேதான் தோல் வாழும். மார்பகப் புற்றுநோயால் மார்பை இழந்த பெண்ணுக்கு அவளது அடிவயிற்றுத் தசைக்கொழுப்பைக் கொண்டு மார்பமைப்பதும், தாடையை இழந்தவருக்குக் காலெலும்பால் தாடை அமைப்பதும் இவ்வழி வந்தவையே.

குழந்தைகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். சீனத்துச் சின் வமிச வரலாற்றிலே வெய் யோங்ஜி என்பவரின் கதை வருகிறது. பிளந்த உதட்டோடு ஏழைக் குடும்பத்திற் பிறந்த அவர், 4ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், தம் பதினெட்டாம் வயதிலே, ஓர் ஆளுநரிடமிருந்த வைத்தியரை நாடிச் சென்றார். வெட்டித் தைக்கலாம்; ஆனால் நூறு நாள் கஞ்சியே உணவு, பேச்சும் சிரிப்பும் கூடா என்றார் வைத்தியர். வெய் அதற்கு உடன்பட்டுக் குணமுற்றார். பின்னாளிலே தாமே அந்நிலத்தின் ஆளுநருமானார். இங்கும் தைத்த வைத்தியரின் பெயர் இல்லை.

உலகிலே ஏறத்தாழ 700 பிறப்புகளுள் ஒன்றில் உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு காணப்படுகிறது. கருவின் முதல் மூன்று மாதங்களிலே முகத்தின் இரு பாதிகள் இணையாது விடுவதால் வருவது இது. பரம்பரை, தாயின் ஊட்டம், சில மருந்துகள், புகைத்தல் எனக் காரணங்கள் பல. கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்னும் பேச்சு நம்மவரிடையே இன்னும் ஒழியவில்லை. சூரியனும் சந்திரனும் செய்யாத குற்றத்துக்குத் தாய் தண்டிக்கப்படுகிறாள். இக்குழந்தைக்கு உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பேச்சு முதிருமுன், ஒன்றரை வயதுக்குள்ளும் தைப்பது நலம். அண்ணம் தாமதமானால் ஒலிகள் மூக்கின் வழியே தப்பிச் செல்ல, குழந்தையின் உச்சரிப்பு நிரந்தரமாகத் திரிந்துவிடக் கூடும். பின்னரும் பேச்சுப் பயிற்சியும், எட்டு முதல் பதினொரு வயதளவில் ஈற்றெலும்பின் இடைவெளியை நிரப்பும் சிகிச்சையும், வளர்ச்சி முடிந்தபின் மூக்கைத் திருத்தலும் வேண்டியிருக்கும்.

வளர்ந்தவருக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு இதுவே: குழந்தை வளர்கிறது; தழும்பு அதனோடு ஒத்து வளர்வதில்லை. தீப்புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, மோவாயை மார்போடும் விரலை உள்ளங்கையோடும் இழுத்துப் பிணிக்கிறது. ஆழமான தீப்புண்ணுக்குத் தோலை மெல்லியதாகச் சீவி ஒட்டலாம். மூட்டுகளிலே தடித்த தோலோ மடலோ வைக்கலாம். ஆயினும் வளரும் பிள்ளைக்கு அது ஒருமுறையோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூலிநாளை இழந்து குழந்தையைச் சுமந்து வரக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்? ஆசிரியராகிய நாம் இன்னொன்றும் அறிவோம். தழும்பையும் பிளந்த உதட்டையும் பட்டப்பெயராக்கும் வகுப்பறையிலிருந்து அப்பிள்ளை மெல்ல நின்றுவிடும். நீலவாங்கு சிட்கப்பில் மட்டும் இருந்ததன்று.

நமது நாட்டிலே தீப்புண்ணின் வேர் எங்கிருந்தது என்பதையும் நோக்க வேண்டும். மின்சாரமற்ற குடிசைகளிலே பழைய போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் இட்டு எரித்த குப்பிவிளக்குகள் உருண்டு கவிழ்ந்து எத்தனையோ பெண்களையும் பிள்ளைகளையும் கருக்கின. சத்திரவைத்தியர் விஜய கொடகும்புர, வந்த புண்ணுக்கு மருந்திட்டதோடு அமையாது, புண் வந்த வழியை நாடினார். குள்ளமான, கனமான, இரு பக்கம் தட்டையாகிய, திருகுமூடி கொண்ட கண்ணாடி விளக்கொன்றை 1990களிலே வடிவமைத்துக் குறைந்த விலையிற் பரப்பினார். விழுந்தாலும் அது உருளாது, எண்ணெய் கொட்டாது. இப்பணிக்காக 1998இல் உலகளாவிய ரோலக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. குடிசைக்கேற்ற நல்ல விளக்கொன்று பல சத்திரசிகிச்சைகளுக்கு நிகராகும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் நம்மிடையே விட்டுச் சென்ற முகங்களும் கைகால்களும் பல. அவற்றை வென்றோர் தோற்றோர் என்று பிரித்துக் கணக்கிடுவது கண்டீரவனின் கணக்கேயாகும். இலவச மருத்துவத்தை உரிமையாகப் பெற்ற நாடு நமது நாடு. அவ்வுரிமை காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் மட்டும் உரியதன்று, முகத்துக்கும் உரியது. இன்று இக்கலையின் பெயரைக் கேட்டதும் விளம்பரப் பலகைகளிலே சுருக்கம் நீக்கும் வாணிபமே பலர் நினைவில் எழுகிறது. பணம் உள்ளவர் மூக்கைக் கூராக்கிக்கொள்வதை நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால் பயிற்சி பெற்ற கைகள் அனைத்தும் அவ்வாணிபத்தின் பக்கமே சாய்ந்து, தோட்டத்துக் குழந்தையின் பிளந்த உதடும், மீனவப் பெண்ணின் கருகிய கையும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்குமாயின், அது இக்கலைக்கே இழைக்கும் துரோகம்.

ஏனெனில் இக்கலை எவருடைய தனிச்சொத்துமன்று. பெயரற்ற செங்கற்றொழிலாளியின் கணிப்பிலும், எருதோட்டியின் நெற்றியிலும், பதுங்குகுழி வீரரின் சிதைந்த தாடையிலும், வேலூர்த் தொழுநோயாளரின் மடங்கிய விரலிலும் எழுதிப் படித்த பாடம் அது. உழைப்போரின் உடலிலே கற்ற கல்வி உழைப்போருக்கே முதற்கண் பயன்பட வேண்டும். அறுத்தோரின் பெயர்களை வரலாறு போதியளவு பாடிவிட்டது. வனைந்த கைகளின் பெயரை நாம் மீட்க இயலாது போகலாம். அவை வனைந்ததன் நோக்கத்தை மீட்பது நம்மால் இயலும்.